மலைச்சரிவில் நான்கு ஏக்கரும் மூன்று குதிரையும்: டிராக்டர் தேவையா?

சென்ற மாதம் ஒரு நாள் காலையில், மன்னார்புரத்தில் என் வீட்டுக்கு ஒரு விவசாயி வந்தார். சிறுமலைக்காரர். திண்டுக்கல்லில் முதல் பஸ் பிடித்து, பஞ்சப்பூரில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். வயது நாற்பது இருக்கலாம். மலைமேல் நான்கு ஏக்கர் சொந்த நிலம். காப்பி, மலைவாழை, எலுமிச்சை, கொஞ்சம் சௌசௌ. விளைந்ததை ரோட்டுக்குக் கொண்டுவர மூன்று குதிரைகள். கையில் ஒரு டிராக்டர் கடையின் விலைச்சீட்டு இருந்தது.

"ஐயா, நம்ம நிலத்துக்கு எத்தனை குதிரைத்திறன் வண்டி சரியா இருக்கும்? பின்னாடி மாட்டுற புல்வெட்டுற மிஷினையும் சேர்த்து எடுத்துரலாம்னு இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா இன்னைக்கே முடிச்சிருவேன்."

குதிரை வைத்திருப்பவர் குதிரைத்திறன் கேட்டு வந்திருக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. விவரம் கேட்கக் கேட்கச் சிரிப்பு நின்றுவிட்டது. கடையில் 20,000 ரூபாய் முன்பணம் கட்டியாகிவிட்டது. மூன்று குதிரைகளில் இரண்டுக்கு விலை பேசி முடித்துவிட்டார். பாக்கிக்கு நகைக்கடன். 2025 செப்டம்பரில் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும், இதைவிட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். சிறுமலைக்கு மட்டுமல்ல, பச்சைமலை, கொல்லிமலை, கீழ்ப்பழனி மலை என்று சரிவில் சிறு நிலம் வைத்திருக்கும் எல்லா விவசாயிகளுக்கும் இது பொருந்தும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த நிலத்துக்கு டிராக்டர் வேண்டாம். குதிரையை விற்று டிராக்டர் வாங்குவது அதைவிடப் பெரிய தவறு.

சிறுமலையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திண்டுக்கல்லிலிருந்து 25 கிலோமீட்டர் தூரம். மலைப்பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். விருப்பாட்சி வாழையைப் போலவே சிறுமலை மலைவாழையும் புவிசார் குறியீடு பெற்றது. முடிக்கொத்து நோய் வந்து பரப்பு சுருங்கிய பிறகும் அந்தப் பழத்துக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு. தோட்டங்களுக்கு வண்டிப்பாதை குறைவு. ஆகவே தார்களையும் மூட்டைகளையும் குதிரைமேல் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவருவது அங்கே பழைய வழக்கம். சமவெளியில் மாட்டுக்குப் பொங்கல் வைக்கும்போது சிறுமலையில் குதிரைக்குப் பொங்கல் வைக்கிறார்கள். குதிரை அங்கே அலங்காரத்துக்கு அல்ல. அதுதான் அந்த ஊரின் வண்டி.

அவர் தன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். வெளிநாட்டில் ஒரு மலைப்பண்ணை. பத்துப் பதினைந்து குதிரைகள் மேய்கின்றன. ஒருவர் சிறிய டிராக்டரில் உட்கார்ந்துகொண்டு பின்னால் வெட்டுக்கருவியை இழுத்துப் புல்லை வெட்டிக்கொண்டே போகிறார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பண்ணைக்காரர் எதற்காக வெட்டுகிறார் என்பதைக் கவனிக்கவேண்டும். குதிரை தின்னாமல் விட்ட முற்றிய புல்லையும் களையையும் மட்டம் தட்டி, புதுத் தழை வரச் செய்கிறார். வெட்டியது அங்கேயே கிடந்து மட்கிவிடும். உலர்புல் செய்வதற்கு அவர் வேறு கருவி வைத்திருப்பார். பனிக்காலம் முழுவதற்கும் புல்லை உலர்த்திச் சேர்த்து வைத்தாகவேண்டிய நாடு அது. நம் சிறுமலைக்காரருக்கு வேண்டியது தினமும் ஒரு கட்டுப் பசும்புல். இரண்டும் வேறு வேறு வேலைகள்.

முதலில் நிலத்தின் சரிவைப் பார்ப்போம். எந்த இயந்திரம் என்பதைக் கடைக்காரர் தீர்மானிப்பதில்லை, நானும் தீர்மானிப்பதில்லை. சரிவுதான் தீர்மானிக்கிறது. அதை அளப்பதற்கு இன்ஜினீயர் வேண்டாம்.

சரிவை அளப்பது எப்படி?

பத்து அடி நீளத்தில் ஒரு நேரான மூங்கில் கழியும் கொத்தனாரிடம் ஒரு ரசமட்டமும் வாங்கிக்கொள்ளுங்கள். கழியின் ஒரு முனையைச் சரிவின் மேட்டில் தரையோடு வையுங்கள். மறுமுனையைப் பள்ளத்துப் பக்கமாக நீட்டி, ரசமட்டம் சமம் காட்டும்வரை தூக்கிப் பிடியுங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் அதுதான் சரிவு. ஒரு அடி இருந்தால் நூற்றுக்குப் பத்து, இரண்டு அடி இருந்தால் நூற்றுக்கு இருபது. ஒரே இடத்தில் அளந்து விட்டுவிடக்கூடாது. நான்கு ஏக்கரில் குறைந்தது பத்து இடத்தில் அளக்கவேண்டும்.

என் அனுபவத்தில் நான் வைத்திருக்கும் கணக்கு இது. பத்து அடிக்கு ஒரு அடிவரை இறக்கம் இருந்தால் சிறிய டிராக்டர் ஓடலாம். ஒன்றுக்கு மேல் இரண்டு அடிவரை என்றால் கூடவே நடந்து ஓட்டும் பவர் வீடர் போன்ற கருவிகள்தான் ஏற்றவை. இரண்டு அடிக்கு மேல் போனால் தோளில் மாட்டிக்கொள்ளும் கருவியும் கையும்தான். கடைக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். அதற்கு மேலும் ஏறும் என்று ஓட்டியே காட்டுவார்கள். ஏறும் என்பதை நான் மறுக்கவில்லை. காய்ந்த தரையில், கல்லோ குழியோ இல்லாத இடத்தில், தேர்ந்த ஓட்டுநர் கையில் ஏறும். மழை பெய்த மறுநாள், எலி வளை விழுந்த இடத்தில், உங்கள் பதினெட்டு வயது மகன் கையில் ஏறுமா என்பதுதான் கேள்வி.

வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி வரப்பில் ஒரு சக்கரம் ஏறியதும் எப்படிச் சாய்கிறது என்று எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாரம் உயரத்தில் இருக்கிறது. சக்கரங்களின் அகலம் போதவில்லை. டிராக்டரும் அப்படித்தான். சரிவில் குறுக்காகப் போகும்போது பள்ளத்துப் பக்கச் சக்கரம் ஒரு குழியில் இறங்கி, அதே நேரத்தில் மேட்டுப் பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் போதும். இது பக்கவாட்டில் கவிழ்வது. பின்பக்கமாகக் கவிழ்வது இன்னும் மோசமானது. இழுவைக்கொக்கியில் மாட்டவேண்டிய சங்கிலியை அதற்கு மேலே மாட்டிக்கொண்டு மேட்டில் ஒரு மரத்துண்டை இழுத்தால், முன்சக்கரம் எழும்பி, ஒன்று ஒன்றரை விநாடிக்குள் வண்டி ஓட்டுபவர்மேல் விழுந்துவிடும். குதித்துத் தப்பிக்க நேரம் கிடையாது.

நான் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில் ஒரு மலையடிவாரத்தில் இப்படிக் கவிழ்ந்த டிராக்டரைப் பார்த்திருக்கிறேன். டிரெய்லர் நிறைய மரவள்ளிக் கிழங்கு. இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டிருக்கிறார். இடது வலது பிரேக்குகளை இணைக்கும் கொக்கியும் போடப்படவில்லை. ஒரு பக்க பிரேக் மட்டும் பிடித்து வண்டி திரும்பியது. பாரம் பின்னாலிருந்து தள்ளியது. ஓட்டியவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கிழங்கு சரிவு முழுவதும் சிதறிக் கிடந்ததும், யாரும் அதைப் பொறுக்காமல் நின்றதும் இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

சுவீடன் நாட்டில் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு, கவிழ்ந்தாலும் ஓட்டுநரை நசுக்காத பாதுகாப்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் அங்கே இவ்வகைச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. இருக்கைப் பட்டையும் சேர்த்துப் போட்டால்தான் அந்தச் சட்டம் உயிரைக் காக்கும். நம் ஊர் வயல்களில் ஓடும் டிராக்டர்களில் எத்தனையில் இது இருக்கிறது என்று அடுத்த முறை ரோட்டில் போகும்போது எண்ணிப் பாருங்கள். வெயிலுக்குத் துணிக்கூரை போட்ட வண்டிகள் நிறைய இருக்கும். துணிக்கூரை வெயிலைத்தான் தடுக்கும்.

டிராக்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடிவாரத்தில் சமமான நிலம் இருப்பவர்களுக்கு 15 முதல் 25 குதிரைத்திறன்வரையுள்ள சிறிய டிராக்டர்கள் நல்ல உதவி. அதிலும் நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வகை ஈரத்தில் வழுக்குவது குறைவு. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். நான்கு சக்கர இழுவை ஏறுவதற்கு உதவும், கவிழ்வதைத் தடுக்காது. இரண்டு சக்கர இழுவை வண்டி வழுக்கி நின்றுவிடும் இடத்தைத் தாண்டி, இது உங்களை இன்னும் ஆபத்தான இடத்துக்குக் கொண்டுபோய் விடும்.

வாங்குகிறவர்கள் விளம்பரத் தாளை நம்பாமல் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் புத்னியிலும், ஆந்திராவில் அனந்தபுரம் அருகே கார்லதின்னெயிலும் மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையங்கள் இருக்கின்றன. வண்டியின் எடை, திரும்புவதற்கு வேண்டிய இடம், பிரேக் பிடிக்கும் தூரம் எல்லாம் அந்த அறிக்கைகளில் இருக்கும். குறிப்பாகத் திரும்பும் இடத்தைப் பாருங்கள். பத்து அடி அகலமுள்ள படிக்கட்டு வயலில் சிறிய டிராக்டர்கூட ஒரே மூச்சில் திரும்பாது. நான்கு முறை முன்னும் பின்னும் போய்த் திருப்புவதற்குள், எடுக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு சக்கரம் வரப்பின் விளிம்பில் நிற்கும்.

"சரி, பவர் டில்லராவது எடுக்கலாமா?" என்று கேட்டார். இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன்பு, பச்சைமலையில் மரவள்ளி போடும் ஒருவருக்கு நானே பவர் டில்லரைச் சிபாரிசு செய்தேன். பெங்களூரில் 1967-ல் மிட்சுபிஷியின் கூட்டோடு தொடங்கிய வி.எஸ்.டி.யும், கேரளத்து அத்தாணியில் இருக்கும் காம்கோவும் பல்லாண்டுகளாகச் செய்துவரும் நல்ல இயந்திரம்தான் அது. ஜப்பானிய நெல்வயலுக்காகப் பிறந்தது. நம் காவிரிப் பாசன வயலுக்கும் பொருந்தும். ஆனால் எடை 400 கிலோவுக்கு மேல். செயல்விளக்கத்தன்று மலையில் சமமான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து ஓட்டிக் காட்டினோம். எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு ஆண்டு கழித்து நான் போனபோது அதன்மேல் கோழி அடைந்துகொண்டிருந்தது. சரிவில் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த எடையை இழுத்துப் பிடிக்க இரண்டு ஆண்கள் வேண்டியிருந்ததாம். அந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார். அவருடைய மனைவி என்னிடம் கேட்டார்: "ஐயா, இதை நீங்க எடுத்துக்கிட்டு எங்க காளையைத் திருப்பிக் குடுப்பீங்களா?" டில்லர் வாங்குவதற்காகக் காளைகளை விற்றிருக்கிறார்கள். அது எனக்கு அன்றுவரை தெரியாது.

சிறுமலைக்காரர் குதிரைக்கு விலை பேசியதைச் சொன்னபோது எனக்கு அந்த அம்மாளின் குரல்தான் நினைவுக்கு வந்தது.

இனிக் கணக்கு. வட்டிக் கணக்குக்காக டிராக்டரும் கருவியும் சேர்த்து 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டு கழித்து 50,000 ரூபாய்க்கு விற்றால், தேய்மானம் ஆண்டுக்கு 45,000. சராசரியாக 2,75,000 ரூபாய் முடங்கிக் கிடக்கிறது. பத்து சதவீத வட்டி 27,500. இன்சூரன்ஸ், கொட்டகை, சில்லறை ரிப்பேர் 10,000. ஆக 82,500 ரூபாய். ஆண்டில் எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள் என்று அவரையே கேட்டேன். காப்பியும் வாழையும் இருக்கும் நிலத்தில் உழவு எங்கே? விரலை மடக்கி மடக்கி எண்ணி, எண்பது மணி என்றார். அதுவே அதிகம் என்பது என் எண்ணம். எண்பதால் வகுத்தால் மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது. இதில் டீசல் இல்லை, ஓட்டுக்கூலி இல்லை. அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலி மூலம் பதிவு செய்யலாம். வாடகைத் தொகை அவ்வப்போது மாறும். கேட்டுப் பாருங்கள், எந்தக் கணக்கிலும் சொந்த வண்டியின் மணிச்செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

"உழவுக்கில்லைங்க ஐயா, பாரம் இழுக்கத்தான்" என்றார். சரி, தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வழி எப்படி? முக்கால் கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை, பாதி தூரம் பாறைப்படி. டிராக்டர் எப்படிப் போகும்? "பாதை வெட்டணும்." யார் நிலத்தில்? "ரெண்டு பேர் நிலத்துல." ஆக டிராக்டர் ஓட முதலில் பாதை வேண்டும், பாதைக்குப் பக்கத்து நிலக்காரர்கள் சம்மதம் வேண்டும், வெட்டிய சரிவு அடுத்த ஐப்பசி மழைக்குச் சரியாமல் நிற்கக் கல்லணை வேண்டும். அதுவரை வாழைத்தார் எப்படி வரும்? குதிரையை விற்றபின் தலைச்சுமைதான். குதிரை போகிற பாதையில் டிராக்டர் போகாது என்ற ஒரே விஷயம் அந்த விலைச்சீட்டில் எங்கும் எழுதப்படவில்லை.

குதிரையின் பாரம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பொதி சுமக்கும் பிராணிகளுக்கு 1965-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்பது உச்ச வரம்பு. நம் மலைகளில் இதை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. இறக்கத்தில் அதிகப் பாரம் ஏற்றினால் முன்னங்கால் மூட்டுத்தான் முதலில் கெடும். நான்கு நடை போகிற இடத்தில் ஐந்து நடை போனால் குதிரை இன்னும் சில ஆண்டுகள் கூட உழைக்கும்.

இவருக்கு உண்மையில் எங்கே கஷ்டம் என்று தோண்டிக் கேட்டபோது, அது பாரமும் அல்ல, உழவும் அல்ல. புல். மூன்று குதிரைக்கும் தினமும் புல் அறுத்துப் போட இரண்டரை மணி நேரம் ஆகிறது. முன்பு அவருடைய அம்மா அறுத்தார். இப்போது அவருக்கு முடியவில்லை. அரிவாள் பிடிக்க ஆள் கிடைப்பதில்லை. இந்த இரண்டரை மணி நேரத்திலிருந்து விடுபடத்தான் 5 லட்சம் கடன் வாங்கப் போகிறார். நோய் வேறு, மருந்து வேறாக இருந்தது.

குதிரைக்குப் புல்

250 கிலோ எடையுள்ள குதிரைக்குத் தினம் எடையில் சுமார் இரண்டு சதவீதம், அதாவது 5 கிலோ உலர்பொருள் வேண்டும். பசும்புல்லாகச் சொன்னால் 20 முதல் 25 கிலோ. மூன்றுக்கு 75 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இதற்குத் தேவை ஒரு நல்ல பிரஷ் கட்டர். தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் இந்தக் கருவி 7 முதல் 11 கிலோ எடை இருக்கும். பழகியவர் 75 கிலோ புல்லை அரை மணிக்குள் சாய்த்துவிடுவார். பொறுக்கிக் கட்ட இன்னும் அரை மணி. விலையோ டிராக்டர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

ஆனால் குதிரைக்காரர்கள் மாட்டுக்காரர்களைப் போல எதையும் வெட்டிப் போடமுடியாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

மாட்டுக்கு நான்கு அறை வயிறு, அசைபோடும். குதிரைக்கு ஒற்றை வயிறு. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. டிராக்டருக்குப் பின்னால் சுழலும் வெட்டுக்கருவியும், வீட்டுப் புல்வெளிக்கான சக்கர வெட்டியும் புல்லைப் பொடியாக நறுக்கித் தள்ளும். அந்தப் பொடிப்புல் குவியலில் சில மணி நேரத்திலேயே சூடேறிப் புளிக்கும். குதிரை அதை மெல்லாமல் விழுங்கும். வயிற்றில் வாயு அடைத்து, கடும் வயிற்றுவலி வந்து, படுத்துப் புரளும், உயிருக்கே ஆபத்து. ஆகவே குதிரைக்கு வெட்டும் புல், தண்டு நீளமாக, அரிவாளில் அறுத்ததுபோல் விழவேண்டும். தட்டு நறுக்கும் கருவியில் கொடுத்தாலும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் நறுக்கவேண்டும். வெட்டியதைக் குவித்து வைக்காமல் நிழலில் பரப்பி, அன்றே போட்டுவிடவேண்டும்.

இதே காரணத்தால் பிரஷ் கட்டரில் நைலான் நரம்பு போட்டுத் தீவனம் வெட்டவே கூடாது. அது புல்லை அறுப்பதில்லை, அடித்துக் கிழிக்கிறது. தேய்ந்த நைலான் துண்டுகள் புல்லோடு கலந்து வயிற்றுக்குள் போகின்றன. வரப்பையும் கொட்டகை ஓரத்தையும் சுத்தம் செய்ய நைலான் சரி. தீவனத்துக்குப் பல் வைத்த வட்ட பிளேடும், வெட்டிய புல் ஒரே பக்கமாகச் சாயும்படி ஒரு தடுப்புக் கம்பியும் மாட்டுங்கள்.

சரிவின் நடுத்தரப் பகுதிகளுக்கு, இரட்டைச் சக்கரத்தில் முன்னால் பல்வரிசைக் கத்தி வைத்து, பின்னால் நடந்து ஓட்டும் வெட்டுக்கருவியும் உண்டு. சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மலைகளில் சிறு விவசாயிகள் உலர்புல் வெட்டுவது இத்தகைய கருவியால்தான். ஏறி உட்கார்ந்து ஓட்டும் பெரிய வண்டி அவர்களாலேயே எல்லாச் சரிவிலும் கொண்டுபோக முடிவதில்லை. ஓர் ஏக்கருக்கு மேல் தீவனப்புல் போடுகிறவர்களுக்கு இது லாபம். அரை ஏக்கருக்குப் பிரஷ் கட்டரே போதும். ஒரு விதியை மட்டும் மறக்கக்கூடாது. கூடவே நடந்து ஓட்டும் கருவியைச் சரிவுக்குக் குறுக்காக ஓட்டவேண்டும். மேலும் கீழும் ஓட்டினால் வழுக்கிக் கத்திக்கு அடியில் கால் போகும். உட்கார்ந்து ஓட்டும் கருவியோ இதற்கு நேர்மாறு. குறுக்கே போனால் கவிழும்.

எந்தப் புல்லைப் போடுவது? எல்லோரும் கம்பு நேப்பியர் கோ-4, கோ-5 என்கிறார்கள். பாசனத்தில், நல்ல எருவோடு, எக்டருக்கு ஆண்டுக்கு 350 டன்னுக்கு மேல் தரக்கூடிய புல் அது. மலையில் மானாவாரியாக அதில் பாதிக்கும் குறைவாகத்தான் நான் கணக்குப் போடுவேன். மாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். குதிரைக்கு அதையே முழுத்தீவனமாகப் போடக்கூடாது. நேப்பியர், கொழுக்கட்டைப்புல் போன்ற வெப்பமண்டலப் புல்வகைகளில் ஆக்சலேட் என்னும் பொருள் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைக் குதிரையின் உடலில் சேரவிடாமல் கட்டிப்போடும். கூடவே தவிட்டை அள்ளிப் போட்டால், தவிட்டின் மணிச்சத்து இன்னும் கெடுக்கும். உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் முகத்தெலும்பு வீங்கும், நொண்டும், பல் ஆடும். "எங்க பழைய குதிரைக்கு மூஞ்சி வீங்கித்தான் போச்சு, கண்ணேறுன்னு நெனச்சோம்" என்றார் அவர். பார்க்காத குதிரைக்கு நான் நோய் சொல்லக்கூடாது. ஆனால் என்ன போட்டீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன விடை: நேப்பியரும் தவிடும்.

ஆகவே தீவனத்தில் பாதிக்கு மேல் நேப்பியர் வேண்டாம். மீதிக்கு மலைப்புல்லும் பயறுவகைத் தீவனமும் வேண்டும். மானாவாரிக்கு முயல்மசால், தண்ணீர் தேங்காத, கொஞ்சம் பாசனம் உள்ள இடத்தில் குதிரைமசால். நம் முன்னோர் சும்மா அந்தப் பெயரை வைக்கவில்லை. கொள்ளும் அளவோடு கொடுக்கலாம். தாது உப்புக் கலவை எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேலியோரத்து சூபாபுல் தழையை ஆட்டுக்குப் போடுகிறோம் என்று குதிரைக்கும் போடாதீர்கள். பிடரிமயிரும் வால்மயிரும் உதிர்ந்துவிடும். சோளப்பயிரைப் பச்சையாகத் தொடர்ந்து போடுவதும் குதிரைக்கு ஆகாது. பின்னங்கால் தள்ளாடி, சிறுநீர்ப்பை கெடும். புல்லை ரோட்டோரமாகப் போடாமல் வீட்டுக்கு அருகே போட்டால் காட்டுமாட்டுக்கும் கொஞ்சம் தப்பும்.

பிரஷ் கட்டர் வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சாதாரண இரு-வீச்சு இன்ஜினுக்குப் பெட்ரோலில் ஆயில் கலக்கவேண்டும். கம்பெனி சொன்ன விகிதம் 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி; 25-க்கு 1 என்றால் 40 மில்லி. குத்துமதிப்பாக ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நான்கு-வீச்சு இன்ஜினுக்குக் கலக்கவேண்டியதில்லை; எடை சற்றுக் கூடும். கண்ணாடி, கெண்டைக்கால் உறை, பூட்ஸ் இல்லாமல் தொடக்கூடாது. பிளேடில் பட்ட கல் துப்பாக்கிக் குண்டுபோல் வரும்; 15 மீட்டருக்குள் ஆளோ குதிரையோ குழந்தையோ இருக்கக்கூடாது. கட்டிப்போட்ட குதிரைக்குப் பக்கத்தில் இன்ஜினைக் கிளப்பினால், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் குதிரைக்குப் பின்னால் நீங்களும் ஓடவேண்டியிருக்கும். இரண்டு மூன்று நாள் தூரத்தில் ஓட்டிச் சத்தத்தைப் பழக்குங்கள். வாங்குமுன் உங்கள் நிலத்திலேயே, உங்கள் சரிவிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வரமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். நாளைக்கு ரிப்பேருக்கும் அவர் வரமாட்டார்.

மானியம் பற்றியும் என் கருத்தைச் சொல்லியாகவேண்டும். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15 முதல் நடக்கிறது. சிறு, குறு, பெண், ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்கு விலையில் 50 சதவீதம்வரையும், மற்றவர்களுக்கு 40 சதவீதம்வரையும், கருவிக்குக் கருவி ஓர் உச்ச வரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. ஆதிதிராவிட, பழங்குடிச் சிறு குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு கூடுதலாக 20 சதவீதம் தருகிறது. பிரஷ் கட்டரும், பவர் வீடரும், தட்டு நறுக்கும் கருவியும் இதில் அடக்கம். நல்ல திட்டம். ஆனால் விலையில் இத்தனை பங்கு என்று வைத்தால், கருவி பெரிதாகப் பெரிதாக மானியத் தொகையும் பெரிதாகத் தெரியும். லட்சக் கணக்கில் ஒரு மானியம் கண்முன் நிற்கும்போது, பதினைந்தாயிரம் மானியத்துக்கு எவர் விண்ணப்பம் எழுதுவார்? மலைக் கிராமங்களில் டிராக்டருக்கு மானியம் கொடுக்குமுன் நிலத்தின் சரிவை அளந்து விண்ணப்பத்தில் எழுதவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பாதி விண்ணப்பங்கள் தாமாகவே மாறிவிடும். மிச்சமாகும் பணத்தில் குதிரைப் பாதைகளுக்குக் கல்படி போட்டு, திருப்பங்களில் கைப்பிடிச்சுவர் கட்டலாம். லாடம் கட்டத் தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள். இளைஞர்கள் நாலு பேருக்கு அந்தத் தொழிலைப் பயிற்றுவிக்கலாம். இதையெல்லாம் நான் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். குதிரை பழைய காலத்து விஷயம் என்று ஒருமுறை சிரித்தார்கள்.

சிறுமலைக்காரர் மதியம் என் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போனார். போன வாரம் டெலிபோனில் பேசினார். கழியும் ரசமட்டமும் வைத்துப் பன்னிரண்டு இடத்தில் அளந்தாராம். ஒன்பது இடத்தில் இரண்டு அடிக்கு மேல். ரோட்டை ஒட்டி அறுபது சென்ட் மட்டும் ஒரு அடிக்குள் வருகிறது. அதை வாடகை டிராக்டர் வைத்து ஒரு நாள் உழுது, தீவனப்புல் போடப்போகிறார். மச்சானோடு சேர்ந்து பிரஷ் கட்டருக்கு மனு கொடுத்திருக்கிறார். குதிரைக்கு விலை பேசியவரிடம் இப்போது இல்லை என்று சொல்லிவிட்டார். கடையில் கட்டிய முன்பணம் இன்னும் திரும்பி வரவில்லை. இரண்டு முறை போய்க் கேட்டாராம். மானேஜர் ஊரில் இல்லை என்றார்களாம்.

முன்பணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.